நிகழ்தகவு 0 என்றால் நடக்காது என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த கணித வினா-விடைத் தொகுப்பில், "ஒரு நிகழ்ச்சியின் நிகழ்தகவு 0 எனில் அது இயலா நிகழ்ச்சி; ஒருபோதும் நடக்காது" என்று ஒரு விடை அச்சாகியிருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்குகளில் இந்த வரி மதிப்பெண்ணைக் கெடுக்காது. ஆனால் அதே பிள்ளைகள் இரண்டு ஆண்டு கழித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் தொடர் சமவாய்ப்பு மாறியை, அதாவது ஓர் இடைவெளியில் எந்த மதிப்பையும் எடுக்கக்கூடிய மாறியை, படிக்கும்போது இதுவே காலை வாரிவிடும். இயலா நிகழ்ச்சியின் நிகழ்தகவு 0 என்பது சரி. அதைத் திருப்பிப் போட்டு, நிகழ்தகவு 0 ஆனதெல்லாம் இயலாதது என்பது சரியல்ல. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதைத் தொடங்கத் தாயக்கட்டை போதும். வழக்கமான பித்தளைக் கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு நீளமான முகங்கள். புள்ளிகள் 0, 1, 2, 3. இரண்டு கட்டைகளை உருட்டினால் 4 × 4 = 16 சமவாய்ப்புள்ள விளைவுகள். இரண்டும் வெறுமுகமாக விழுந்தால் 12 என்று எண்ணுவது ஆட்ட வழக்கம். எழுதிப் பார்த்தால் 1, அதாவது தாயம், 2 வழிகளில் விழும். 2 விழ 3 வழிகள். 3 விழ 4. 4 விழ 3. 5 விழ 2. 6 விழ ஒரே வழி. 12 விழவும் ஒரே வழி. கூட்டினால் 16. தாயத்தின் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. காய் இறங்காமல் ஆட்டம் தொடக்கத்திலேயே இழுத்துக்கொண்டு போவதற்குக் காரணம் இந்த 1/8 தான். கை ராசி இல்லை.

7 விழுமா? விழாது. 3-உம் 3-உம் சேர்ந்தாலும் 6 தான். 8, 9, 10, 11 எதுவும் விழாது. 0 கூட விழாது, ஏனென்றால் அதைத்தான் 12 ஆக்கிவிட்டோமே. இவைதான் உண்மையான இயலா நிகழ்ச்சிகள். 16 விளைவுகளில் 7-ஐத் தரும் விளைவுகளைத் திரட்டினால் வெற்றுக் கணம் கிடைக்கிறது. அதன் நிகழ்தகவு 0/16. இங்கே பூச்சியம் என்பது பின்னால் வந்து சேர்ந்த எண். இயலாமையை முடிவு செய்தது கூறுவெளி, அதாவது நடக்கக்கூடியவை என்று நாம் எழுதிக்கொண்ட விளைவுகள் அனைத்தின் தொகுப்பு.

கூறுவெளி என்பது நாமே வரைந்துகொள்ளும் எல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கட்டை ஒன்று சுவரோரம் சாய்ந்தோ நிமிர்ந்தோ நின்றுவிட்டால் என்ன செய்கிறோம்? மறுபடி உருட்டுகிறோம். அதாவது உண்மையில் நடக்கக்கூடிய ஒன்றைக் கணக்கிலிருந்து வெளியே தள்ளிவிட்டோம். நாணயம் விளிம்பில் நிற்பதும் அப்படித்தான். அமெரிக்க ஐந்து சென்ட் நாணயம் விளிம்பில் நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 6000-இல் ஒன்று என்று 1993-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. "தலை, பூ" என்று இரண்டை மட்டும் கூறுவெளியில் எழுதினால், அந்தக் கணக்கில் விளிம்பில் நிற்பது இயலா நிகழ்ச்சி. வீட்டுத் தரையில் அது நடக்கும். ஆகவே "இயலாது" என்று எழுதும்போது "இந்தக் கூறுவெளியில்" என்ற சொல் உடன் இருப்பதாகப் பொருள்.

சோழி போட்டு ஆடுகிறவர்களுக்கும் 7 வராது. ஆறு சோழிகளில் ஏழு வாய் திறக்க முடியாது. ஆனால் சோழியின் இரு பக்கமும் சமவாய்ப்பு உள்ளவை அல்ல என்பதால் மற்ற எண்களின் நிகழ்தகவை எண்ணிக்கையால் மட்டும் வகுத்துச் சொல்லக் கூடாது. இதைப் பல வினாத்தாள்கள் கண்டுகொள்வதே இல்லை.

இனி சிக்கலான பக்கம். 20 செ.மீ. பக்கமுள்ள சதுரமான ஓர் ஆத்தங்குடித் தரைக்கல்லை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் எந்தப் பகுதிக்கும் சலுகை இல்லாமல் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்தப் புள்ளி சரியாக மூலைவிட்டத்தின் மேல் அமைய நிகழ்தகவு என்ன? மூலைவிட்டத்துக்கு இரு பக்கமும் 1 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டையை முதலில் எடுப்போம். பட்டை போக மீதி இரண்டு செங்கோண முக்கோணங்கள். அவற்றின் தாங்கு பக்கம் ஒவ்வொன்றும் 20 − 0.1414 = 19.8586 செ.மீ. இரண்டின் பரப்பும் சேர்ந்து 394.36 சதுர செ.மீ. 400-இல் அதைக் கழித்தால் பட்டையின் பரப்பு 5.64; நிகழ்தகவு 0.0141. பட்டையை இரு பக்கமும் 0.1 மி.மீ. ஆகக் குறைத்தால் 0.00141. இன்னும் பத்தில் ஒன்றாக்கினால் 0.000141. மூலைவிட்டம் என்ற கோடு இந்தப் பட்டைகள் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பதால் அதன் நிகழ்தகவு இந்த எண்கள் எதையும் விடப் பெரிதாக இருக்க முடியாது. 0 தவிர வேறு வழியில்லை.

ஆனால் மூலைவிட்டம் வெற்றுக் கணமா? கல்லின் மேல் கண்ணெதிரே கிடக்கிறது. அதில் புள்ளிகள் முடிவில்லாமல் இருக்கின்றன. தாயத்தில் 7-க்கு வந்த பூச்சியமும் இங்கே வந்த பூச்சியமும் எண்ணால் ஒன்று, பிறப்பால் வேறு. முதலாவது, விளைவே இல்லாததால் வந்தது. இரண்டாவது, விளைவுகள் இருந்தும் அவை பரப்பு எதையும் பிடிக்காததால் வந்தது.

வகுப்பில் இந்த இடத்தில் கட்டாயம் ஒரு கேள்வி எழும்: ஒவ்வொரு புள்ளிக்கும் 0 என்றால், கல் முழுவதற்கும் 1 எப்படி வந்தது? பூச்சியங்களைக் கூட்டினால் பூச்சியம்தானே? நல்ல கேள்வி, இதைத் தட்டிக்கழிக்கிற ஆசிரியர்தான் அதிகம். விடை, கூட்டலின் எல்லையில் இருக்கிறது. ரஷ்யக் கணிதர் கோல்மோகரோவ் 1933-இல் வெளியிட்ட நூலில் நிகழ்தகவுக்கு அடிப்படை விதிகளை வகுத்தபோது, ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகளைக் கூட்டலாம் என்ற விதியை 1, 2, 3 என்று வரிசையிட்டு எண்ணத்தக்க நிகழ்ச்சிகளோடு நிறுத்திக்கொண்டார். கல்லின் மேலுள்ள புள்ளிகளை அப்படி வரிசையிட முடியாது. ஆகவே புள்ளி புள்ளியாகக் கூட்டிக் கல்லின் நிகழ்தகவைப் பெறும் வழியே கிடையாது. பரப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். இயலா நிகழ்ச்சிக்கு நிகழ்தகவு 0, ஆனால் மறுதலை உண்மையல்ல என்பதைக் கோல்மோகரோவ் அந்த நூலின் தொடக்கப் பகுதியிலேயே எழுதிவிட்டார். ஒரே ஒரு முறை சோதனை செய்தால் அது நடக்காது என்று நடைமுறையில் நம்பலாம், அவ்வளவுதான். நீண்ட சோதனை வரிசையில் நடக்கவே நடக்காது என்று பொருள் கொள்ளக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

புள்ளிகளுக்குப் பூச்சியத்துக்கு மேல் ஏதாவது கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கும் மாணவருக்கு இரண்டே வரி போதும். 1/1000 அல்லது அதற்கு மேல் நிகழ்தகவு உள்ள தனிப்புள்ளிகள் அதிகபட்சம் 1000 தான் இருக்க முடியும். 1001 இருந்தால் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டிவிடும். 1/1000-க்குப் பதில் எவ்வளவு சிறிய எண்ணை வைத்தாலும் இதே கதைதான். எல்லாப் புள்ளிக்கும் சம உரிமை என்றால் எல்லாவற்றுக்கும் 0 என்பது தவிர்க்க முடியாதது.

இன்னும் வியப்பானது பின்னங்களின் கதை. 0-க்கும் 1-க்கும் இடையே சீரான வாய்ப்பில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அது பின்னமாக அமைய நிகழ்தகவு 0. பின்னங்களோ எங்கு பார்த்தாலும் இருக்கின்றன. எவ்வளவு குறுகிய இடைவெளியை எடுத்தாலும் அதற்குள் முடிவில்லாமல் பின்னங்கள் உண்டு. நிறுவுவது கடினமில்லை. பின்னங்களை 1/2, 1/3, 2/3, 1/4, 3/4, 1/5 என்று வரிசையில் நிறுத்துங்கள். முதல் பின்னத்தை 1/2000 நீளத் துண்டால் மூடுங்கள், அடுத்ததை 1/4000 நீளத் துண்டால், அதற்கடுத்ததை 1/8000. எல்லாப் பின்னங்களையும் மூடி முடித்தாலும் துண்டுகளின் மொத்த நீளம் 1/1000-ஐத் தாண்டாது. 1/1000-க்குப் பதில் 1/10 லட்சம் என்று வைத்தும் இதையே செய்யலாம். ஆகவே பின்னங்களின் மொத்த நீளம் 0. பின்னமல்லாத எண் கிடைக்க நிகழ்தகவு 1. இந்த 1-உம் உறுதி நிகழ்ச்சி அல்ல. கணிதர்கள் இதைக் கிட்டத்தட்ட உறுதி என்கிறார்கள். 0-க்குச் சொன்ன எச்சரிக்கை அப்படியே 1-க்கும் பொருந்தும் என்பதைப் பாட உதவி நூல்கள் மறந்துவிடுகின்றன.

கொஞ்சம் அடக்கமும் வேண்டும். "நிகழ்தகவு 0 ஆனாலும் நடக்கும்" என்று எதிர்ப்பக்கம் பாய்ந்து எழுதுவதும் அரைகுறைதான். 0 முதல் 1 வரை இரு முனைகளையும் சேர்த்து ஒரு கூறுவெளி. முனைகளைச் சேர்க்காமல் இன்னொன்று. முதலாவதில் 0 என்ற முனை இயலும், ஆனால் நிகழ்தகவு 0. இரண்டாவதில் அது இயலாது, நிகழ்தகவு 0. எந்த இடைவெளியின் நிகழ்தகவைக் கணக்கிட்டாலும் இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். அதாவது நிகழ்தகவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இயலுமா இயலாதா என்று தீர்ப்புச் சொல்லவே முடியாது. அந்தத் தகவல் கூறுவெளியில் இருக்கிறது. நிகழ்தகவு எண்ணில் இல்லை.

அளவுகோல் கையில் எடுத்தவுடன் இந்தப் பூச்சியம் மறைந்தும் போகும். அதே கல்லில் 0.1 மி.மீ. துல்லியத்தோடு அளந்தால் 2000 × 2000 = 40 லட்சம் சிறு கட்டங்கள். மூலைவிட்டக் கட்டங்கள் 2000. நிகழ்தகவு 1/2000, சிறிது, ஆனால் 0 இல்லை. பூச்சியம் என்பது முடிவில்லாத துல்லியத்துக்கு நாம் கொடுக்கும் விலை.

கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கு இது வெறும் தத்துவம் அல்ல. பைத்தான் மொழியில் 0-க்கும் 1-க்கும் இடையே சமவாய்ப்பு எண் தரும் செயற்கூறு, 2-இன் 53-ஆம் அடுக்கு அளவிலான எண்களில் ஒன்றைத்தான் தருகிறது. ஏறத்தாழ 9007 லட்சம் கோடி எண்கள். அதில் 0.5 வர நிகழ்தகவு மிகச் சிறியது, ஆனால் பூச்சியம் இல்லை. 1/3 மட்டும் வரவே வராது, ஏனென்றால் அதை 2-இன் அடுக்கைப் பகுதியாகக் கொண்ட பின்னமாக எழுத முடியாது. 1 வராது. 0 வரலாம். "0 வரும் நிகழ்தகவு 0 தானே" என்று கோட்பாட்டை நம்பி அந்த எண்ணுக்கு நேரடியாக மடக்கை எடுக்கும் நிரல், என்றைக்காவது ஒருநாள் மதிப்பே இல்லாத 0-இன் மடக்கையில் முட்டி நின்றுவிடும். கிடைத்த எண்ணை 1-லிருந்து கழித்துவிட்டு மடக்கை எடுப்பது இதற்கான எளிய மாற்று. 1 வராது என்பதால் கழித்த விடை 0 ஆகாது.

மேல்நிலை வகுப்பில் தவறு நடக்கும் இடங்களைப் பார்ப்போம். தொடர் மாறியில் "2 முதல் 5 வரை" என்று கேட்டால் முனைகளைச் சேர்த்தாலும் விட்டாலும் விடை ஒன்றே. முனைகளின் நிகழ்தகவு 0. இதைப் பழகிய கை, 1, 2, 3 என்று தனித்தனி மதிப்புகளை மட்டும் எடுக்கும் தனித்த மாறியிலும் அப்படியே எழுதிவிடும். தாயத்தில் 2 முதல் 5 வரை, முனைகள் உட்பட, 3 + 4 + 3 + 2 = 12; நிகழ்தகவு 12/16. முனைகளை விட்டால் 3-உம் 4-உம் மட்டும், 7/16. ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

ஒன்று நடந்தது என்று தெரிந்த பிறகு மற்றொன்றின் வாய்ப்பைக் கேட்கும் நிபந்தனை நிகழ்தகவில் "நிபந்தனையாக உள்ள நிகழ்ச்சியின் நிகழ்தகவு 0 ஆக இருக்கக் கூடாது" என்ற குறிப்பைப் பதினோராம் வகுப்பில் மனப்பாடம் செய்துவிட்டுக் காரணத்தை யாரும் கேட்பதில்லை. 0-ஆல் வகுக்க முடியாது என்பது மேலோட்டமான பதில். 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத் தாம்பாளத்தில் ஒரு புள்ளி. அது ஒரு குறிப்பிட்ட விட்டத்தின் மேல் இருக்கிறது என்று தெரியும். மையத்திலிருந்து 5 செ.மீ.-க்குள் இருக்க நிகழ்தகவு என்ன? விட்டத்தை, சீரான அகலமுள்ள பட்டை ஒன்று மெலிந்து மெலிந்து கோடானதாகப் பார்த்தால் விடை 1/2. அதையே விசிறி மடங்குவது போல மையத்தில் கூர்மையான ஆப்புகள் குறுகிக் கோடானதாகப் பார்த்தால் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தில் போகும்; விடை 1/4. கோடு அதே கோடுதான். பூச்சிய நிகழ்தகவு நிபந்தனைக்கு, அந்தப் பூச்சியத்தை எந்த வழியாக நெருங்கினோம் என்று சொல்லாவிட்டால் விடையே கிடையாது.

நாளிதழ்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ளவை இன்னும் இரண்டு. மிகச் சிறிய நிகழ்தகவை "நடக்கவே முடியாதது" என்று தலைப்பிடுவது ஒன்று. 2009 செப்டம்பரில் பல்கேரிய லாட்டரியில் அடுத்தடுத்த இரண்டு குலுக்கல்களில் அதே ஆறு எண்கள் வந்தன. விசாரணைகூட நடந்தது, மோசடி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. உலகமெங்கும் ஆண்டுக்கணக்காக நடக்கும் குலுக்கல்கள் அத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், எங்காவது ஓரிடத்தில் இப்படி நேர்வதில் பெரிய அதிசயம் இல்லை. 52 சீட்டுகளைக் கலைத்தால் கிடைக்கும் எந்த ஒரு வரிசைக்கும் நிகழ்தகவு, 8-க்குப் பின் 67 பூச்சியங்கள் போட்ட எண்ணில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனாலும் கலைக்கிற ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு வரிசை வந்துகொண்டுதான் இருக்கிறது. எந்த வரிசை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் மட்டுமே அந்தச் சிறுமை எதையாவது சொல்லும்.

மற்றது, "இதுவரை நடக்கவில்லை" என்பதைப் பூச்சியமாக எழுதுவது. 20 முறை உருட்டியும் 12 விழவில்லை என்றால் பட்டறி நிகழ்தகவு, அதாவது சோதனையில் கண்ட விகிதம், 0/20. உண்மையான நிகழ்தகவோ 1/16. 20 முறையும் 12 விழாமல் போகும் வாய்ப்பு 15/16-ஐ 20 முறை பெருக்கினால் கிடைக்கும்: ஏறத்தாழ 0.275. நாலில் ஒரு முறைக்கு மேல் இப்படி ஏமாற்றும். இதற்குப் புள்ளியியலில் எளிய கைக்கணக்கு ஒன்று உண்டு: சோதனைகள் ஒன்றையொன்று பாதிக்காதவையாக இருந்து, ஒன்றுகூட நிகழாமல் போனால், 3-ஐச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுங்கள், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லத்தக்க மேல் எல்லை ஏறத்தாழ அதுதான். லாரியில் வந்த கற்களில் 100-ஐ எடுத்துப் பார்த்து ஒன்றிலும் விரிசல் இல்லையென்றால், விரிசல் விகிதம் 0 என்று எழுதக் கூடாது. 3 சதவீதம் வரை இருக்கலாம் என்று எழுத வேண்டும். சரிபார்க்க: 0.97-ஐ 100 முறை பெருக்கினால் 0.048 வரும். புதிய மருந்தைச் சில நூறு பேருக்குக் கொடுத்துப் பக்க விளைவு எதுவும் இல்லை என்று வரும் செய்திகளுக்கும் இதே அளவுகோல்தான்.

ஆய்வு மாணவர்கள் சமர்ப்பிக்கும் அட்டவணைகளில் முக்கியத்துவ மதிப்பு (p-மதிப்பு) "0.000" என்று நிற்பதும் இதே குடும்பத்துத் தவறு. மென்பொருள் மூன்று தசமத்தோடு நிறுத்திக்கொண்டது, மதிப்பு 0.0005-க்குக் கீழே என்று மட்டுமே அதற்குப் பொருள். "0.001-ஐ விடக் குறைவு" என்று எழுதுவதே முறை.

மாணவர் பக்கத்துக்கான திருத்தத்தை இப்படி வெளியிடலாம்: "இயலா நிகழ்ச்சியின் நிகழ்தகவு 0. கூறுவெளி முடிவுள்ளதாகவும் எல்லா விளைவுகளும் சமவாய்ப்புள்ளவையாகவும் இருந்தால் மறுதலையும் உண்மை. பத்தாம் வகுப்புக் கணக்குகளில் பெரும்பாலானவை இந்த வகை. மற்ற இடங்களில் மறுதலை உண்மையாக வேண்டியதில்லை." கூடவே ஒரு பயிற்சிக் கேள்வியும் போடலாம்: 0-க்கும் 1-க்கும் இடையே சீரான வாய்ப்பில் தேர்ந்த எண் 1/3 ஆக இருப்பது, அதே எண் 2 ஆக இருப்பது, இரண்டு தாயக்கட்டைகளில் 7 விழுவது. மூன்றுக்கும் நிகழ்தகவு 0. இவற்றில் இயலா நிகழ்ச்சிகள் எவை? விடை: இரண்டாவதும் மூன்றாவதும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.